ரசீதில் ஒரு 'பி'



போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்ட கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

'ஆஃபன்' சரியா, 'ஆஃப்டன்' சரியா? இரண்டுமே அகராதியில் உண்டு. 'ஷெட்யூல்' பிரிட்டிஷ் வழக்கு, 'ஸ்கெஜுல்' அமெரிக்க வழக்கு. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். 'டுடே மார்னிங்' வேண்டாம், 'திஸ் மார்னிங்' என்று சொல்லிப் பழகுங்கள். நம் 'இன்று காலை'தான் அங்கே இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது.

எங்கள் அக்கா 'இஸ்கூல்' என்று சொன்னால் பேரன் சிரிக்கிறானாம். தமிழில் ஒரு சொல் தனி மெய்யெழுத்தில் தொடங்காது என்பது தொல்காப்பியம் சொல்கிற விதி. அக்காவின் நாக்கு இலக்கணப்படிதான் நடக்கிறது என்று அவனிடம் சொல்லுங்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேட்டதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1991. ஒன்பதாம் வகுப்பு. ஒரு பையனைப் பாடம் வாசிக்கச் சொன்னேன். ரசீதுக்கான இங்கிலீஷ் சொல் வந்தது. 'ரிசிப்ட்' என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "ரிசீட்டுடா. பி சைலண்ட்" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "சொல்லாத எழுத்தை எதுக்கு சார் எழுதணும்?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "அதிகப்பிரசங்கி, பீரியட் முடியற வரைக்கும் நில்லு" என்றேன். நின்றான். வருஷம் முடியும் வரை என் வகுப்பில் அவன் வாயே திறக்கவில்லை.

அந்தப் பதிலை ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' கிடையாது. லத்தீன் படித்தவர்கள், அதன் மூலம் 'ரெசெப்டா' என்று காட்டுவதற்காகப் பின்னால் ஒரு 'பி'யைச் செருகினார்கள். அது எழுத்தில் ஏறியது, நாக்கில் ஏறவில்லை. அதே குடும்பத்து 'டிசீட்', 'கன்சீட்' இரண்டிலும் இன்று 'பி' இல்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லின் நடுவே இருக்கும் மௌன 'பி'யும் இப்படி நுழைந்ததுதான். ஆக, பையன் கேட்டது நியாயமான கேள்வி.

அகராதியைப் புரட்டும்போது இன்னொன்றும் தெரிந்தது. உச்சரிப்புக்கான இங்கிலீஷ் சொல்லையே 34 வருஷம் 'ப்ரொனௌன்சியேஷன்' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 'ப்ரனன்சியேஷன்' என்பதே சரி. வினைச்சொல்லில் உள்ள 'ஔ' ஒலி பெயர்ச்சொல்லில் கிடையாது. ஸ்பெல்லிங்கைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். என்னை யாரும் பீரியட் முழுக்க நிற்க வைக்கவில்லை.

சென்ற மாதம் குழாய் வாங்க ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கல்லாவில் அந்தப் பையன். தலை நரைத்துவிட்டது, 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எழுந்து வணக்கம் சொன்னார், காபி வரவழைத்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு, "ஒரு ரிசீட் போடுப்பா" என்றேன்.

"பில்லுன்னு சொல்லுங்க சார். அந்த வார்த்தையை நான் வாயால சொல்றதே இல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே 'பி' வந்த கதையைச் சொன்னேன். "அன்னைக்கு எனக்குத் தெரியாதுப்பா. உன்னை நிக்க வெச்சது தப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் பில் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "பரவால்ல சார்" என்றார். கடைப் பையனைக் கூப்பிட்டு, "சாருக்கு ஒரு ஸ்டூல் போடு" என்றார்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். பலர் பெற்றோர். பிள்ளை தப்பாக வாசித்தால் திருத்துங்கள், சிரிக்காதீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு மறுநாள் பார்த்துவந்து சொல்லுங்கள். எனக்கு அந்த மறுநாள் வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அடுத்த கேள்விகளை அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் வாத்தியார்