பெயர் பொறித்த கல்

பத்தரை மணிக்கே பெய்த் ஜன் கிராமத்தில் கார் நிறுத்த இடமில்லை. வடக்கு இஸ்ரேலின் மெரோன் மலையில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 940 மீட்டர் மேலே இருக்கும், ட்ரூஸ் என்ற சிறுபான்மை மதத்தவரின் ஊர். வெயில் ஏறியும் காற்றில் குளிர் விடவில்லை. போரில் இறந்தவர்களை நாடே நினைக்கும் நாள் இது. பதினொரு மணிக்குச் சங்கு ஊதும். அதற்குள் ராணுவக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஊரே மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.

கல்லறைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே உயரம். ஒவ்வொன்றின் மீதும் கறுப்பு நாடா கட்டிய சின்ன நீல வெள்ளைக் கொடி. சிலவற்றில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று ட்ரூஸ்களின் ஐந்து நிறக் கொடியும் சேர்ந்து பறக்கிறது.

அங்கே ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கலாம். கணுக்கால்வரை கறுப்பு உடை. தலையையும் தோளையும் மூடிய வெள்ளைத் துணி மோவாய்வரை வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு மகள்கள். ஒருத்தி ஜீன்ஸ் போட்டிருக்கிறாள். மூன்றாவது வரிசையில் ஒரு கல்லின் முன்னால் நிற்கிறார்கள். அம்மா குனிந்து கல்லின் மேல் விழுந்திருந்த சருகுகளைத் தள்ளுகிறார். மகனின் பெயர் தெரிகிறது. வயது தெரிகிறது: 20.

அவர் அழவில்லை. கடவுள் விதித்ததை மனம் கோணாமல் ஏற்பது அவர்கள் மதத்தின் அடிப்படைக் கடமைகளில் ஒன்று. உதடு மட்டும் அசைகிறது. கை அந்தக் கல்லை விட்டு நகரவில்லை. இளைய மகள்தான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு விசும்புகிறாள்.

இறந்தவனின் தாத்தா உள்ளே வரவில்லை. வெள்ளைத் தலைப்பாகை, அடர்ந்த நரைத்த மீசை, தொளதொளவென்ற கறுப்புக் காற்சட்டை. மதநூல்களைப் படிக்கும் உரிமை பெற்ற பெரியவர்களின் கோலம் அது. நுழைவாயிலுக்கு வெளியே, கைத்தடியை இரண்டு கையாலும் ஊன்றி நிற்கிறார். பேரன் மேல் பாசமில்லாதவர் அல்ல. கல்லறையைத் தேடிப் போவது அவர் வளர்ந்த வழக்கத்தில் இல்லை. உடல் ஒரு சட்டை. அது கிழிந்த அந்தக் கணமே உயிர் வேறொரு ட்ரூஸ் வீட்டில் குழந்தையாகப் பிறந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கழற்றிப் போட்ட சட்டைக்கு எதற்குப் பெயர்? அதனால்தான் மரபில் அவர்கள் புதைகுழிகளுக்குப் பெயர் வைப்பதில்லை, போய் நிற்பதும் இல்லை. பெயரும் வயதும் வெட்டிய இந்தக் கற்கள் ராணுவத்தோடு வந்தவை.

1956இல் ட்ரூஸ் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை வந்தது. சமூகத் தலைவர்களில் பலர் ஒப்புக்கொண்டார்கள். மறுத்தவர்களும் உண்டு. கவிஞர் ஸமீஹ் அல்-காஸிம் அப்படி மறுத்துச் சிறைக்குப் போனவர். பெண்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அவர்கள் பங்குக்கு வருவது இதோ, இந்தக் கல்தான்.

சேவையில் இறந்த ட்ரூஸ்களின் எண்ணிக்கை இன்று 400ஐத் தாண்டிவிட்டது. நாட்டில் மொத்த ட்ரூஸ்களே ஒன்றரை லட்சம் பேர்தான். 2023 நவம்பரில் காஸாவில் இறந்த லெப்டினன்ட் கர்னல் சல்மான் ஹபாகா, 2024 அக்டோபரில் ஜபாலியாவில் இறந்த கர்னல் எஹ்சான் தக்ஸா போன்றவர்களின் பெயர் உலகச் செய்திகளில் வந்தது. மூன்றாவது வரிசையில் இருப்பவன் சாதாரணச் சிப்பாய். அவன் பெயரை இந்த ஊர்தான் சொல்ல வேண்டும்.

அவனோடு ராணுவத்தில் இருந்த பையன்கள் நாலைந்து பேர் வருகிறார்கள். ட்ரூஸ்களும் யூதர்களும் கலந்து இருக்கிறார்கள். தயங்கித் தயங்கி வந்தவர்களை அம்மா ஒவ்வொருவராகப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, தோளில் தட்டுகிறார். ஒருவனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்கிறார். அவன் வயது ஏறியிருக்கிறது, தாடி வந்திருக்கிறது. அவருடைய மகனுக்கு அப்படியே இருபது.

கற்களுக்கு நடுவே நாலு வயதுப் பையன் ஒருவன் ஓடுகிறான். அம்மாவின் கண் அவன் பின்னாலேயே போகிறது. மகனைப் பறிகொடுத்த ட்ரூஸ் வீடுகளில் இந்தப் பார்வை இருக்கும். பேச்சு வந்ததும் ஒரு குழந்தை, “என் வீடு இது இல்லை, நான் போரில் செத்தவன்” என்று சொன்னால் இரண்டு குடும்பங்கள் உறவாகிவிடுவதுண்டு. இழந்த ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய ஆறுதலை எந்த மதமும் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. இதைவிடப் பெரிய காத்திருப்பையும்.

சங்கு ஊதுகிறது. இரண்டு நிமிடம். பையனை யாரோ இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். வாசலில் தாத்தாவும் நிமிர்ந்து நிற்கிறார். இங்கிருந்து லெபனான் எல்லை அதிகத் தூரமில்லை. அந்தப் பக்கத்திலும், காஸாவிலும், இதே போல, இதைவிட மிக அதிகமாகத் தாய்மார்கள் நிற்கிறார்கள். சங்கு அவர்களுக்காக ஊதவில்லை என்றாலும் அவர்களை விட்டுவிட்டு இந்த இரண்டு நிமிடத்தை என்னால் நினைக்க முடியவில்லை.

பிறகு பேச்சு. “ரத்த உடன்படிக்கை” என்ற சொல் வருகிறது. ட்ரூஸ் கல்லறைகளில் ஒவ்வோர் ஆண்டும் அரசியல்வாதிகள் சொல்வது அது. அம்மா மேடைப் பக்கம் திரும்பவே இல்லை.

மேடையில் உடன்படிக்கை பேசினாலும், சேவை முடிந்து ஊர் திரும்பும் பையன்களுக்கு வீடு கட்ட அனுமதி கிடைப்பது பெரும்பாடு. அனுமதியில்லாமல் கட்டினால், 2017இல் கடுமையாக்கப்பட்ட கட்டடச் சட்டத்தின் கீழ் பெருந்தொகை அபராதம். 2018 ஜூலையில், இஸ்ரேலை யூதர்களின் தேசிய அரசு என்று அறிவித்த அடிப்படைச் சட்டம் நிறைவேறியது. சமத்துவம் என்ற சொல் அதில் இல்லை. ஆகஸ்ட் 4 அன்று டெல் அவீவின் ரபீன் சதுக்கத்தில், ஐந்து நிறக் கொடிகளோடு பல்லாயிரம் பேர் கூடி அந்தச் சொல்லைத்தான் கேட்டார்கள். 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகளில் பத்துப் பேர் சட்டம் செல்லும் என்றார்கள். இருபது வயதுப் பிள்ளைகளைக் கேட்டு வாங்கிக்கொண்ட நாடு, அவர்கள் வீட்டாருக்கு அந்த ஒரு சொல்லை மறுப்பது அநியாயம். அதை எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும்.