வார்ஹோலின் ஃப்ளாப்பியும் ஒரு கம்ப்யூட்டர் கிளப்பும்

சுவரோவியம் உரியும், சிலைக்கு மூக்கு உடையும். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஒரு கீறல்கூட விழாமல், பெட்டிக்குள் பத்திரமாக இருந்தபடியே ஒரு படம் காணாமல் போகுமா? போகும் நண்பர்களே. ஆண்டி வார்ஹோல் விஷயத்தில் அதுதான் நடந்தது.

காம்ப்பெல் சூப் டப்பாவையும் மர்லின் மன்றோவையும் வரைந்த அதே அமெரிக்க ஓவியர்தான். 1985-ல் கொமடோர் நிறுவனம் அமிகா கணினியை நியூயார்க்கில் அறிமுகப்படுத்தியபோது, மேடையிலேயே பாடகி டெபி ஹாரியின் படத்தை அதில் செய்து காட்டினார். 1987-ல் இறந்துவிட்டார். அவருடைய டிஸ்க்குகள் பிட்ஸ்பர்க்கில் உள்ள வார்ஹோல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

2011-ல் கோரி ஆர்கேஞ்சல் என்ற கலைஞர் அந்த மேடை நிகழ்ச்சியை யூடியூபில் பார்த்துவிட்டு, அந்தப் படங்கள் இப்போது எங்கே என்று விசாரிக்கப் போய்த்தான் வேலை ஆரம்பித்தது. கை கொடுத்தது அதே ஊரில் உள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் கிளப். பழைய கணினிகளை நோண்டுவதில் ஆர்வமுள்ள கூட்டம். (எல்லாக் கல்லூரியிலும் இப்படி நாலு பேர் உண்டு, நம்ம வகுப்பு உட்பட :-))

பழைய ஃப்ளாப்பியைச் சும்மா டிரைவில் செருகிப் பார்க்க முடியாது. படிக்கும்போதே கெட்டுப்போகலாம். அதனால் கிரையோஃப்ளக்ஸ் என்ற கருவியை வைத்து, வட்டில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே நகலெடுத்தார்கள். பிறகு சோதனை எல்லாம் நகலில்தான். காம்ப்பெல்ஸ், மர்லின் என்று கோப்புப் பெயர்கள் தெரிந்தன. ஆனால் திறக்கவில்லை! வார்ஹோல் பயன்படுத்தியது கடைக்கு வருவதற்கு முந்தைய மென்பொருள். அது படங்களைச் சேமித்த விதம் அமிகா நிபுணர்களுக்கே புதிது. அதையும் ஆராய்ந்து உடைத்து, 2014-ல் படங்களை வெளியே கொண்டுவந்தார்கள். ஒன்றில் போட்டிச்செல்லியின் வீனஸுக்கு மூன்றாவது கண் ஒட்டியிருக்கிறார் மனிதர்.

அருங்காட்சியகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காகிதம், கான்வாஸ் என்றால் பூட்டி வைப்பதே பாதிப் பாதுகாப்பு. இங்கே அதைப் படிக்கத் தெரிந்த இயந்திரமும் உயிரோடு இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் தமிழ்ப் பக்கங்களை, திஸ்கி எழுத்துரு இல்லாமல் திறந்து முழித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

சரி, ஓட வைப்பதற்காக எவ்வளவு மாற்றலாம்? இதில்தான் நிபுணர்களுக்குள்ளேயே வாதம். ஷூ லீ சாங் 1998-ல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காகச் செய்த 'பிராண்டன்' ஓர் இணையக் கலைப்படைப்பு. 1993-ல் நெப்ராஸ்காவில் கொல்லப்பட்ட பிராண்டன் டீனா என்ற திருநம்பியின் பெயரால் வந்தது. அதில் இருந்த ஜாவா ஆப்லெட்டுகளை உலாவிகள் கைவிட்டுவிட்டன. படைப்பின் பாதி அசைவு நின்றுபோனது. குகன்ஹைம் பாதுகாப்பாளர்களும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையினரும் சேர்ந்து, ஆப்லெட்டுகள் இருந்த இடத்தில் ஜாவாஸ்கிரிப்டும் அசையும் படங்களும் வைத்து 2017-ல் மீட்டார்கள்.

இது மூலமா, நகலா? ஓவியத்தின்மேல் புது வர்ணம் அடித்த மாதிரிதானே என்று என் அறைத் தோழன் கேட்கிறான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய நிரலைக் கூடியவரை விட்டுவைத்து, தாங்கள் சேர்த்ததற்கெல்லாம் நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு ஜாவாஸ்கிரிப்டும் போய்விட்டால், அடுத்து வருகிறவர் எங்கே கை வைக்கலாம் என்று பார்த்துக்கொள்வார்.