கினபாலு அடிவாரத்தில் ஆற்றோர அறை

குண்டாசாங்கில் தங்க இடம் தேடியபோது, பிள்ளைகள் இருவரும் ஒரே பிடியாகக் கேட்டது ஆற்றோர அறையைத்தான். சன்னலைத் திறந்தால் தண்ணீர். படத்தில் அவ்வளவு அழகு! நானும் சரியென்றேன்.

கோத்தா கினபாலுவிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். குளிர்காற்று, காய்கறித் தோட்டங்கள், பால் பண்ணை. மறுநாள் காலை மேகம் விலகியதும் 4,095 மீட்டர் உயர கினபாலு மலை முழுசாகத் தெரிந்தது. "அப்பா, மலையில் ஏன் கீறல்?" என்றாள் சின்னவள்.

அந்தக் கீறல்களுக்கு ஒரு தேதி உண்டு. 2015 ஜூன் 5, காலை 7.15 மணி. 6.0 அளவிலான நிலநடுக்கத்தில் பாறைகள் உருண்டு மலையில் 18 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் இருந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

அதன்பின் வந்ததைப் பலர் மறந்துவிட்டோம். சில நாட்களிலேயே கனமழை கொட்டியது. சரிவுகளில் தளர்ந்து கிடந்த கல், மண், மரமெல்லாம் மெசிலாவ் ஆற்றில் சேற்று வெள்ளமாக இறங்கின. மெசிலாவ் மலையேற்றப் பாதை மூடப்பட்டது.

நிலநடுக்கம் நொடிகளில் முடிந்துவிடுகிறது. அது உலுக்கிப்போட்ட மண் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது. சீனாவின் வென்சுவானில் 2008இல் நிலம் நடுங்கியது. அங்கே 2010, 2013, 2019 ஆகிய ஆண்டுகளிலும் பெருமழையில் சேற்று வெள்ளம் ஊர்களைத் தாக்கியது. முன்பு தாங்கிய மழையை, குலுங்கிய மலை தாங்குவதில்லை. செடிகொடிகள் வேரூன்ற ஊன்றத்தான் ஆபத்து மெல்லக் குறைகிறது.

வல்லுநர்கள் இதை எப்படிக் கணிக்கிறார்கள்? செயற்கைக்கோள் படங்களில் புதிய சரிவுகளைக் குறித்து, மேலே எவ்வளவு மண் தளர்ந்து கிடக்கிறது என்று மதிப்பிடுவார்கள். ஓடை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தால் அது கிளம்பும் என்று பார்ப்பார்கள். கடைசியாக, கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பது. மண்ணும் சரிவும் மழையும் ஒன்றுசேரும் இடத்தில் வீடும் இருந்தால் அதுவே பேராபத்து.

நம் கண்ணுக்கும் சில அடையாளங்கள் தெரியும். ஓடை சமவெளியைத் தொடும் இடத்தில் விசிறிபோல் விரிந்த நிலம், அதில் சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கும் பாறைகள்: அந்த வழியாகச் சேற்று வெள்ளம் முன்பே வந்திருக்கலாம். மழை பெய்யும்போதே ஆற்று நீர் திடீரெனக் குறைந்தால் மேலே அடைப்பு விழுந்திருக்கலாம். நீர் சட்டெனக் கலங்கினாலோ, நிலம் அதிர உறுமல் கேட்டாலோ காத்திருக்கக் கூடாது. ஆற்றோடு கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும்.

அன்று மாலை எங்கள் அறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். காரைவிடப் பெரிய பாறைகள். வீட்டுக்கார அம்மாவிடம் மலாயில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மேட்டிலிருந்த வேறோர் அறையின் சாவியை எடுத்துக் கொடுத்து, "மழை நாளில் நானும் அங்கேதான் படுப்பேன்" என்றார்.

பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. இரவு மழை வலுத்தது. மேட்டு அறையிலும் ஆற்றுச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே அவர்கள் தூங்கிப்போனார்கள்.