சுமையும் வழியும்

பயணத்தை அரபியர் 'ஸஃபர்' என்பர். திரை விலக்குதல், வெளிப்படுத்துதல் என்னும் கருத்துடைய வேரினின்றும் பிறந்த சொல் அது. மனிதரின் உள்ளியல்பை வெளிப்படுத்துவதால் பயணத்திற்கு அப்பெயர் வாய்த்தது என மொழியறிஞர் விளக்கம் கூறுவர். வழியில் இறங்குமுன்னரே, மூட்டை கட்டும்போதே அவ்வியல்பு வெளிப்பட்டுவிடுகிறது என்பது நம் துணிபு.

2023 ஆம் ஆண்டு ஆகஸ்டில், காஷ்மீரத்தின் சோனாமார்க்கிலிருந்து நாரநாக் வரை ஆறு நாள் மலைநடை செல்வதற்கு நம் பழைய மாணாக்கர் மூவர் நம்மையும் அழைத்தனர். விஷன்சர், கட்சர், கங்காபல் முதலிய ஏரிகளைத் தொட்டுச் செல்லும் அவ்வழி, சுமார் 4,200 மீட்டர் உயரக் கணவாயொன்றைக் கடக்கிறது. நமக்கோ ஐம்பதைக் கடந்த வயது, தேய்ந்த முழங்கால். பத்துக் கிலோவுக்கு மேல் முதுகில் ஏற்றினால் இறக்கத்தில் மூட்டு தாங்காது என்றார் மருத்துவர். உலர்ந்த உணவும் ஒரு லிட்டர் நீருமே நான்கு கிலோ. ஏனையவை ஆறு கிலோவுக்குள் அடங்கினால் பயணம், இன்றேல் இல்லை.

"கோவேறு கழுதை இருக்கிறதே, ஹஜ்ரத்! அதில் ஏற்றிவிடலாம்" என்றார் ஒருவர். தாங்கவியலாப் பாரத்தைப் பிராணியின்மீது ஏற்றலாகாது என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. அளவோடு ஏற்றத் தடையில்லை. எனினும், வேண்டாத பொருள் இன்னோர் உயிரின் முதுகுக்கு மாறிவிட்டதனால் வேண்டியதாகிவிடுமா?

எடுத்துவைத்த யாவற்றையும் தராசிலிட்டோம். பதினொரு கிலோ! முதலில் பெரியன மூன்றை நோக்கினோம். கித்தான் முதுகுப்பை வெறுமையாகவே இரண்டரைக் கிலோ; மெல்லிய நைலான் பை 1,100 கிராம். மூன்று கிலோக் கூடாரத்திற்கு மாறாக, இருவர் பகிர்ந்து சுமக்கும் கூடாரத்தில் நம் பங்கு 800 கிராம். ஜமுக்காளமும் கம்பளியும் சேர்ந்து 2,200 கிராம். வாத்தின் மென்தூவி அடைத்த உறங்கும்பை அதிற் பாதி. தூவி தானாக வெப்பம் தருவதன்று. தன்னிடையே காற்றைச் சிறைப்படுத்தி உடற்சூட்டைக் காப்பது. நனைந்தால் ஒட்டிப் பயனிழக்கும். ஆதலின் அதனை நீர்புகா உறையிலிட்டோம். 300 கிராம் தொழுகை விரிப்பையும் வீட்டில் விட்டோம். தூய தரை எங்கும் தொழுமிடமன்றோ! ஆறு கிலோ அமைந்தது.

இவ்விடத்தே அமெரிக்க மூதாட்டி எம்மா கேட்வுட் நினைவுக்கு வருகிறார். பதினொரு மக்களைப் பெற்ற அவ்வம்மையார், 1955 ஆம் ஆண்டு, தம் 67 ஆம் வயதில், 3,200 கிலோமீட்டருக்கும் நீண்ட அப்பலேச்சியன் மலைவழியைத் தனியே நடந்து முடித்தார். கூடாரமும் உறங்கும்பையும் இல்லை. தாமே தைத்த துணிப்பை, கான்வாஸ் காலணி, மழைக்கு ஒரு குளியலறைத் திரை. இவையே அவர்தம் கருவிகள். வியக்கத்தக்கதே! ஆயினும், அவ்வழியில் ஆங்காங்கே தங்கற்குடில்கள் இருந்தன. அன்னமிட்ட இல்லங்களும் இருந்தன. கட்சரின் மேட்டிலோ அவை இல்லை. ஒருவருக்குப் போதுமானது மற்றொருவருக்கும் போதும் என்று கொள்வது அறிவாகாது.

ஆகவே சிலவற்றில் நாம் கைவைக்கவில்லை. நனைந்தாலும் ஓரளவு கதகதப்புத் தரும் கம்பளி உள்ளாடை, மழையங்கி, கைவிளக்கு, மருந்து ஆகியன அவை. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்து உடற்சூட்டை உறிஞ்சும். ஆதலின் ஆசைக் கைலி வீட்டிலேயே தங்கிற்று. பனிநீரில் கால் கழுவும் வருத்தம் குறையத் தோலுறை ஒரு சோடி உடன் வந்தது. அதன்மீது மஸ்ஹு செய்யப் பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் சலுகையுண்டு.

நம் முன்னோரும் இக்கலையை அறிந்தோரே. பத்துப்பாட்டின் மலைபடுகடாம், மலைவழி ஏகும் கூத்தரை ஆற்றுப்படுத்தும் நூல். அவர்கள் தம் இசைக்கருவிகளைப் பாரம் ஒத்திருக்கும்படி பைகளில் கட்டித் தோளில் சுமந்து செல்கின்றனர். தம் தொழிற்கு இன்றியமையாததை விட்டுச்செல்லவில்லை. அதனைச் சீராகக் கட்டினர்.

கட்சர்க் கணவாயில் மழை பிடித்துக்கொண்டது. மழையங்கி தன் கடனைச் செய்தது. முழங்காலும் இறக்கத்தைத் தாங்கிற்று. மருந்துப் பொட்டலம் மட்டும் பிரிக்கப்படாமலே ஊர் திரும்பியது. அதனை வீண்சுமையென நாம் கருதவில்லை. அடுத்த பயணத்திற்கும் அதுவே முதலில் பையினுள் செல்லும்.