'பழகிடுச்சு' என்று சொல்லாதீர்கள் அம்மா!

2021 ஜூன் கடைசியில் கனடாவின் மேற்குப் பகுதியை வெப்ப அலை வாட்டியது. லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி செல்சியஸ். வான்கூவர் கடற்கரைப் பாறைகளில் ஒட்டி வாழும் மஸ்ஸல் சிப்பிகள் வாய் பிளந்தபடி செத்துக் கிடந்தன. அந்தக் கடலோரத்தில் சிப்பி, நத்தை, நட்சத்திர மீன் என 100 கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள் மடிந்திருக்கலாம் என்று கணக்கிட்டார் கடல் உயிரியலாளர் கிறிஸ்டோபர் ஹார்லி.

இத்தனைக்கும் சிப்பிக்கு வெயில் புதுசு இல்லை. தினமும் கடல் பின்வாங்கும்போது சில மணி நேரம் பாறையில் காய்வதுதான் அதன் பிழைப்பே. தண்ணீர் இறங்கியதும், உள்ளிருக்கும் ஈரம் போகாதபடி இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்ளும். மூடினால் ஆக்ஸிஜன் கிடைக்காது. அதனால் இதயத் துடிப்பைக் குறைத்து, ஆக்ஸிஜன் இல்லாமலே கொஞ்சமாகச் சக்தி தயாரித்துச் சமாளிக்கும். வெந்நீரில் முட்டையின் வெள்ளைக்கரு உறைவதுபோல, சூட்டில் உடம்பின் புரதங்கள் உருக்குலையும். அவற்றைத் தாங்கிப் பிடிக்க 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' என்ற காவல்படையை உடம்பே உருவாக்கும்.

எதுவும் இலவசம் இல்லை. மூடிக் கிடக்கும் நேரமெல்லாம் பட்டினி. பழுதுபார்க்கச் செலவாகும் சக்தி, வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் போக வேண்டியது. தண்ணீர் திரும்பினால்தான் மூச்சு, சாப்பாடு எல்லாம். அந்த ஜூனில் உச்சி வெயிலும் கடல் இறங்கும் நேரமும் சேர்ந்துகொண்டன. பாறைகளின் சூடு 50 டிகிரியைத் தாண்டியது. பழகிய தந்திரங்கள் பலிக்கவில்லை.

கோடை வந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் 'வெயிலைச் சமாளிக்க 10 வழிகள்' தவறாமல் உண்டு. ஒரு வெயில் செய்திக்காக இந்தச் சிப்பிகளைப் பற்றிப் படித்தபோது, எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பவர். "ஃபேன்கூட அனலாத்தானே அடிக்குது, எப்படிம்மா?" என்றால், "எனக்குப் பழகிடுச்சுடா" என்பார். ராத்திரி தலைவலியோடு சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

மனித உடம்பு வியர்வையைக் கொட்டி, இதயத்தை வேகமாக ஓட்டிச் சமாளிக்கிறது. அதற்கும் ஓய்வு வேண்டும். நிழலும் தண்ணீரும் வேண்டும். 'பழகிடுச்சு' என்பது, செலவை யாரிடமும் சொல்லாமல் இருப்பது. அவ்வளவுதான்.

இந்தக் கோடையில் தையல் மெஷினைக் கீழ்வீட்டு வராந்தாவுக்கு இறக்கிவிட்டோம். மதியம் 12 முதல் 3 வரை அதற்கு லீவு. "நாளைக்கு ஒரு ஜாக்கெட் குறையுதுடா" என்று அம்மாவுக்கு இன்னும் குறைதான்.

குறைந்தால் குறையட்டும். தலைவலி இல்லாமல் ராத்திரி ரெண்டு தோசை சேர்த்துச் சாப்பிடுகிறாரே!