கடைமடை காயுற மாதிரி ஒரு வயிறு

எங்க ஊர்ல அல்சர்னா மூணே காரணம்தான். காரம், நேரத்துக்குச் சாப்பிடாதது, கவலை. டவுன்ல இருக்குற உங்க பட்டியலும் அனேகமா இதுவாத்தான் இருக்கும். நாலாவதா ஒண்ணு இருக்குன்னு 2018 நவம்பர்லதான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறின ராத்திரி. ஆட்டை அவுத்துவிடப் போன சித்தப்பா தொடைமேல தென்னை சாஞ்சிடுச்சு. விடியுறவரைக்கும் யாராலயும் வெளிய கால் வைக்க முடியல. மழையிலயும் காத்துலயும் ஈர வேட்டியோட அப்படியே கெடந்தார். ரோடெல்லாம் மரம். அறுத்து அறுத்து வழி பண்ணி ஆஸ்பத்திரியில சேர்க்க மத்தியானம் ஆயிடுச்சு. உடம்பு கல்லு மாதிரி சில்லுனு இருந்துது.

கால் பொழைச்சிடும்னாங்க. ஆனா நாலாம் நாள் மலம் தார் மாதிரி கருப்பாப் போச்சு. மறுநாள் காபித்தூளைக் கரைச்ச மாதிரி வாந்தி. "அடிபட்டது தொடையில, ரத்தம் வயித்துலேர்ந்து வருதே"ன்னு சித்தி அழுதுது.

டாக்டர் பொறுமையா விளக்கினார். பெரிய அடி, ரத்த இழப்பு, கடுங்குளிர்னு வந்தா உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும்தான் முதல்ல ரத்தத்தை அனுப்புமாம். வயித்துக்குப் போறது குறைஞ்சிடும். எனக்கு உடனே புரிஞ்சுது. மேட்டூர்ல தண்ணி குறைஞ்சா முதல்ல காயுறது கடைமடைதானே! அமிலம் சுடாம வயித்தைக் காக்குற வழவழப்புப் படலம், ரத்த ஓட்டம் இல்லாட்டி நலிஞ்சு போகும். அப்புறம் நம்ம அமிலமே நம்ம வயித்தை அரிக்க ஆரம்பிச்சிடும்.

இது புதுசு இல்ல. தீக்காயம் பட்டவங்களுக்குக் குடல்ல புண் வர்றதை 1842லயே கர்லிங்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் எழுதியிருக்கார். 1936ல ஹான்ஸ் செலி, எலிகளைக் குளிர்ல வச்சும் காயப்படுத்தியும் பார்த்தப்போ வயித்துல புண் வந்திருந்துது. வேற வேற துன்பம், உடம்போட பதில் மட்டும் ஒண்ணு.

அதுக்காக எல்லா அல்சரும் இப்படின்னு நினைச்சுடாதீங்க. நாம சாதாரணமா பாக்குற அல்சருக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியோ, வலி மாத்திரையோதான் காரணம். கிருமியைக் கண்டுபிடிச்ச மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005ல நோபல் பரிசே குடுத்தாங்க.

சித்தப்பாவுக்கு ரத்தம் ஏத்தி, அமிலத்தைக் குறைக்கிற ஊசி போட்டு, அப்புறம் மூக்குக் குழாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா கஞ்சி குடுத்தாங்க. இருபது நாள்ல வீட்டுக்கு வந்துட்டார். இப்போ கம்பு ஊணி நடக்குறார்.

உங்க வீட்டுல யாராவது பெரிய அடிபட்டோ தீக்காயத்தோடயோ படுத்திருந்தா, காயத்தை மட்டும் பாக்காதீங்க. மலம் என்ன நிறத்துல போகுதுன்னும் கேளுங்க. இரும்புச் சத்து மாத்திரைக்கும் கருப்பாப் போகும்தான், ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது டாக்டர். கூச்சப்படாம நர்ஸம்மாகிட்ட சொல்லிடுங்க. சித்தி சொன்னதாலதான் சித்தப்பா இருக்கார்.