கணக்கில் வராத நிலக்கரி

முப்பது ஆண்டுகள் தணிக்கைத் துறையில் குப்பை கொட்டியவன் நான். பிறர் துப்பறியும் நாவல் படிப்பதுபோல ஊழல் வழக்குகளைப் படிப்பது என் பழக்கம். அவற்றில் நான் திரும்பத் திரும்பப் போவது ஒரு சீனப் பெண்மணியின் கதைக்குத்தான். பெயர் வாங் ஷோஷின். வடகிழக்குச் சீனாவில், ஹார்பின் நகருக்குக் கிழக்கே உள்ள பின்சியன் வட்டத்தில் அரசு எரிபொருள் நிறுவனத்தின் மேலாளர். அங்கே கட்சிக் கிளையின் செயலாளரும் அவரே. 1979ல் வழக்கு வெளியானபோது அவர் சுருட்டியதாகச் சொல்லப்பட்ட தொகை 5 லட்சம் யுவானுக்கு மேல்.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். 1978ல் சீன நகரத் தொழிலாளி ஒருவரின் சராசரி ஆண்டுச் சம்பளம் சுமார் 600 யுவான். எண்ணூறு பேர் வருடம் முழுக்க உழைத்தால் கிடைக்கும் கூலி அது.

1966ல் கலாசாரப் புரட்சி வெடித்தபோது அதே நிறுவனத்தில் அவர் சாதாரண காசாளர். கலகக் குழு ஒன்றைக் கட்டினார். பழைய நிர்வாகிகள்மீது பாய்ந்தார். அப்போது வட்டாரங்களின் அதிகாரம் ராணுவத்தின் கைக்குப் போயிருந்தது. அங்கிருந்த ராணுவ அதிகாரி ஒருவரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. கட்சிக்குள் சேர்க்கப்பட்டார். சில ஆண்டுகளில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இருந்தவர் மேலாளர் நாற்காலிக்கு வந்துவிட்டார். இப்படி உயர்ந்தவர்கள் அன்றைய சீனாவில் ஏராளம். அதில் எனக்குப் பெரிய சுவாரசியமில்லை. நாற்காலி கிடைத்த பிறகு அவர் நடந்துகொண்ட விதம்தான் விஷயம்.

ஹார்பின் பக்கம் ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20, சில இரவுகளில் 30 டிகிரியும் போகும். அந்த ஊரில் நிலக்கரி என்பது எரிபொருள் மட்டுமல்ல, அதுதான் உயிர். அதைத் தருவது ஒரே கடை. கடைக்காரி ஒரே ஆள். சிமெண்டுக்கு பெர்மிட்டும், காஸ் இணைப்புக்கு வருடக் கணக்கில் வரிசையும் பார்த்த நம் தலைமுறைக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

திருட்டு முறை எளிமையானது. அரசு ஒதுக்கீட்டில் வரும் நிலக்கரிக்கு விலை குறைவு. சிறு சுரங்கங்களிலிருந்து வாங்குவதற்கு விலை அதிகம். மலிவான சரக்கை விலை கூடிய சரக்கென்று சொல்லி விற்றார்கள். வித்தியாசம் தனிப் பெட்டிக்குப் போயிற்று. முறையான ரசீதுக்குப் பதில் வெள்ளைத் துண்டுச் சீட்டு. நேர்மையான இளம் தணிக்கையாளர் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் பல ஆண்டுகள் யாரும் உட்காரவில்லை.

காரணம், வாங் ஷோஷின் வாங்கியதைவிடக் கொடுத்ததில் கெட்டிக்காரர். கட்சி அலுவலர்களின் வீடுகளுக்கு நல்ல கட்டி நிலக்கரி லாரியில் போய் இறங்கியது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்ளத் தவித்த பெற்றோரில் அதிகாரிகளும் உண்டு. அங்கேயும் இந்த அம்மாள் உதவினார். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பார்க்க வருகிறவர்கள் கைநிறையப் பரிசுடன் வந்தார்கள்.

இதில் எதை ஏட்டில் பிடிப்பது? ஓர் அதிகாரி வீட்டில் நிலக்கரி இறக்கினால் ரசீது சரி, எடை சரி, விலையும் அரசு விலை. கல்லும் மண்ணும் கலக்காத சரக்கு என்று எந்த ரசீதிலும் எழுதுவதில்லை. வட மாநிலமொன்றில் ஒரு கிடங்கைத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். ஏடுகள் கண்ணாடிபோல இருந்தன. ஊரில் யாரைக் கேட்டாலும் கிடங்கு அதிகாரியைத் தங்கமான மனுஷன் என்றார்கள். என் வயிற்றைக் கலக்கியது ஏடுகளல்ல, அந்தப் பாராட்டுதான். ஆனால் பாராட்டுக்குத் தணிக்கை ஆட்சேபம் எழுத விதியில்லையே.

பின்சியனில் புகார் சொன்னவர்கள் இல்லாமலில்லை. அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்த சிலர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். புகாரை விசாரிக்க வேண்டியவர்களின் வீட்டு அடுப்பிலும் எரிந்தது அதே நிலக்கரி. மாவோ 1976ல் இறந்து, டெங் சியாவோபிங்கின் கை ஓங்கிய பிறகுதான் காற்று மாறியது. 1979 அக்டோபரில் மரண தண்டனை விதித்தார்கள். 1980 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள்.

தீர்ப்புக்கு முன்பே, 1979 செப்டம்பரில், ‘மக்கள் இலக்கியம்’ என்ற இதழில் இந்தக் கதையை எழுதினார் லியூ பின்யான். தலைப்பைத் தமிழில் ‘மனிதர்களா, பூதங்களா?’ எனலாம். 1957ல் வலதுசாரி என முத்திரை குத்தப்பட்டு, 22 ஆண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்டு, அப்போதுதான் பேனாவைத் திரும்பப் பெற்றிருந்தார் அவர். ஒரு பெண்மணியின் பேராசைக் கதையாக அவர் அதை எழுதியிருந்தால் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். அவரோ நிலக்கரி யார் யார் வீட்டுக்குப் போனது என்று பின்தொடர்ந்தார். வாசகர்களின் கடிதங்கள் குவிந்தன. ஹெய்லோங்ஜியாங் மாகாண அதிகாரிகள் கொதித்தெழுந்து, தகவல் பிழை என்றார்கள். என் தொழில் அனுபவத்தில், தொகையைச் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. விநியோகப் பட்டியலைத் தொட்டால்தான் வருகிறது.

இன்று தொகைகள் எங்கேயோ போய்விட்டன. உள் மங்கோலியாவில் ஹோஹோட் நகரப் பொருளாதார வளர்ச்சி மண்டலத்தின் கட்சிச் செயலாளராக இருந்த லி ஜியான்பிங்குக்கு 2024 டிசம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வழக்கில் சொன்ன தொகை 300 கோடி யுவானுக்கும் அதிகம். வாங் ஷோஷினின் தொகையைப் போல ஆறாயிரம் மடங்கு. விலைவாசியைக் கழித்தாலும் தலை சுற்றுகிறது. செய்தி வந்தபோது என் நண்பர் ஒருவர், “பார்த்தீர்களா, சீனாவில் சுட்டுத் தள்ளுகிறார்கள்” என்று பூரித்துப்போனார். சுடத் தொடங்கி எத்தனை வருடமாயிற்று என்று கேட்டேன். பேச்சை கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்.

லியூவை 1987 ஜனவரியில் கட்சியிலிருந்து இரண்டாவது முறையாக நீக்கினார்கள். மறு வருடம் அமெரிக்கா போனார். நாடு திரும்ப அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. 2005 டிசம்பரில் நியூ ஜெர்சியில் இறந்தார். அஸ்தியை 2010ல்தான் பெய்ஜிங்கில் புதைக்க முடிந்தது. கல்லறையில் பொறிக்க அவர் இரண்டு வரி சொல்லிவைத்திருந்தார். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. குடும்பத்தார் கல்லை எழுத்தில்லாமலே நட்டார்கள்.